ஓவியத்தில் ஓர் ஆலை நகரம்

நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றைச் சார்ந்த உயிர்களும் தொழிலும் கருப்பொருள். மாந்தர்தம் ஒழுக்கம் உரிப்பொருள் என்பது நம் இலக்கண மரபு. இம்மரபில் வளர்ந்தவர்க்கு நிலம் வெறுங்காட்சியன்று. அங்கு வாழ்வார் யாவர், அவர்தம் தொழில் யாது என்று வினவாமல் ஒரு நிலத்தைக் கண்டதாகக் கொள்ள இயலாது. பம்பாய் மாநகரை, அதாவது இன்றைய மும்பையை, இவ்வினாவோடு நோக்கிய ஓவியர் சுதீர் பட்வர்தன்.

இந்தியாவில் நிலக்காட்சி ஓவியம் பரவியதில் ஆங்கிலேயர்க்குப் பெரும் பங்குண்டு. 1786 இல் கல்கத்தா வந்திறங்கிய தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் நாடெங்கும் சுற்றிக் கோயில்களையும் கோட்டைகளையும் அருவிகளையும் வரைந்தனர். அவ்வோவியங்களில் மனிதர் பெரும்பாலும் கட்டடத்தின் உயரத்தை உணர்த்தும் அளவுகோலாகவே நிற்கின்றனர். அழகு முன்னே நின்றது. உழைப்பு பின்னே மறைந்தது.

பம்பாயின் நிலமோ உழைப்பால் உருவானது. 1853 இல் பம்பாய்க்கும் தாணேக்கும் இடையே இருப்புப்பாதை தொடங்கிற்று. மறு ஆண்டில் காவஸ்ஜி தாவர் முதல் பஞ்சாலைக்கு அடிகோலினார். ஆலைகள் பெருகப் பெருக, கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த தொழிலாளரால் பரேல், லால்பாக் பகுதிகள் நிரம்பின. அப்பகுதிக்கு மராத்தியில் ‘கிர்ணகாவ்’, அதாவது ஆலையூர், என்றே பெயர். நெல்லைச் சீமையிலிருந்து சென்ற நம்மவர் தாராவியில் தோல் பதனிட்டதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

1949 இல் பிறந்த பட்வர்தன் புணேயில் மருத்துவம் பயின்றவர். 1975 முதல் முப்பது ஆண்டுகள் தாணேயில் ஊடுகதிர் மருத்துவராகப் பணியாற்றியவாறே ஓவியம் தீட்டினார். ஓவியக் கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். உணவகம், இரயில் நிலையம், மேம்பாலம் என உழைப்பாளர் நாள்தோறும் புழங்கும் இடங்களே அவர்க்குப் பொருளாயின. 1977 இல் வரைந்த ‘ஈரானி உணவகம்’ போன்ற தொடக்கக்கால ஓவியங்களில் மனித உருவம் கித்தானில் பேரிடம் பெறுகிறது. 1981 இல் பம்பாயிலும் தில்லியிலும் ‘மக்களுக்கான இடம்’ என்னும் கருத்தை முன்வைத்து ஓவியர் அறுவர் நடத்திய கண்காட்சியில் இவரும் ஒருவர். பூபேன் கக்கர், குலாம் முகம்மது ஷேக், நளினி மலானி, விவான் சுந்தரம், ஜோகன் சௌத்ரி ஆகியோர் ஏனையோர்.

மறு ஆண்டே ஆலையூரின் வாழ்வு முறிந்தது. 1982 சனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஓராண்டுக்கு மேல் நீடித்த அப்போராட்டம் வெற்றியின்றித் தேய்ந்தது. ஆலைகள் பல மூடப்பட்டன. அவற்றின் நிலத்தை நகராட்சிக்கும், மக்கள் குடியிருப்புக்கும், உரிமையாளர்க்குமாகப் பங்கிட 1991 இல் விதி வகுத்தனர். 2001 இல் அவ்விதி திருத்தப்படவே, பொதுநலத்திற்குக் கிடைக்கவிருந்த நிலம் மிகவும் சுருங்கிற்று. 2006 இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது.

எண்பதுகளில் தொடங்கிப் பட்வர்தனின் ஓவியங்களில் நகரம் விரிகின்றது; மாந்தர் சிறுத்து அதனுள் அடங்குகின்றனர். 1984 இல் தீட்டிய ‘நகரம்’ இம்மாற்றத்துக்குச் சான்று. விதி திருத்தப்பட்ட அதே 2001 ஆம் ஆண்டில் அவர் ‘லோயர் பரேல்’ ஓவியத்தைத் தீட்டினார். ஒரே இடத்தில் நின்று காணும் காட்சியாக அமையாமல், பல கோணங்களை ஒன்றிணைத்து நகரை விரிப்பது இவர்தம் முறை. நடந்து திரிபவன் நகரைக் காணும் முறையும் அதுவேயன்றோ? டேனியல் படங்களிலும் மனிதர் சிறியோரே. ஆயினும் வேறுபாடு பெரிது. அங்கே அச்சிறுமை காட்சிக்கு அணி. இங்கே அது நகரம் தன் மக்களுக்கு இழைத்ததைக் காட்டும் சான்று.

வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் உண்மை. அங்கே நிலமும் அதன் மக்களும் ஒருங்கே வாடுகின்றனர். ஆலையூரில் நேர்ந்ததோ இதற்கு மாறானது. தொழில் அழிந்தது, ஆனால் நிலம் வாடவில்லை, அதன் விலை வானளாவ உயர்ந்தது. பாலையானது அங்கு உழைத்தவர் வாழ்வே. நிலத்தை மட்டும் வரைபவர்க்கு இப்பாலை புலப்படாது. வணிக வளாகத்தின் ஒளியே புலப்படும். மாந்தரையும் உடன் வைத்து வரைந்ததனாலேயே பட்வர்தனின் ஓவியங்கள் வரலாற்று ஆவணங்களாகவும் நிற்கின்றன.

2019 இன் இறுதியில் மும்பைத் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவர்தம் வாழ்நாட்பணி கண்காட்சியாக வைக்கப்பட்டது. பிழைப்பு நாடிப் பெருநகரங்களில் குடியேறிய நமக்கு இவ்வோவியங்கள் அயலாருடையன அல்ல. நாம் வாழும் தெருவை முன்பு யார் கட்டினர், அவர்கள் இப்போது எங்கே என்று நம் பிள்ளைகள் வினவக் கற்பரேல், அதுவே இந்நகரங்களை நம் நிலமாகக் கொள்ளும் முறையாகும்.