விற்காத பாட்டின் விலை

ஒரு பாட்டு பிரபலமாகி லட்சக்கணக்கில் விற்றிருந்தால், அதன் பழைய தட்டை இன்று யாரும் பெரிதாகச் சீந்துவதில்லை. கறுப்பின அமெரிக்கர்களின் ‘சோல்’ இசைத்தட்டு வியாபாரத்தின் அரிச்சுவடி இது. எடுபடாமல் போனதற்குத்தான் விலை. அப்படிப் போனவற்றில் தலையாயது, ஃபிராங்க் வில்சன் பாடிய ‘டூ ஐ லவ் யூ (இன்டீட் ஐ டூ)’.

1965-இல் டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனம், தன் கிளை லேபிளான ‘சோல்’ பெயரில் 35019 என்ற எண்ணிட்டு இதை அச்சடித்தது. வானொலிக்காரர்களுக்கு அனுப்புவதற்காக 250 டெமோ தட்டுகள் தயாரானதாகச் சொல்வார்கள். கடைக்கு ஒன்றுகூடப் போகவில்லை. வில்சன் அப்போது மோடவுனின் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். பாடகராக வேண்டுமா, தயாரிப்பாளராக வேண்டுமா என்று முதலாளி பெரி கோர்டி கேட்டதாகவும், வில்சன் இரண்டாவதைச் சொன்னதாகவும் கதை உண்டு. டெமோக்கள் அழிக்கப்பட்டன. அவர் முடிவில் தவறில்லை. எடி கெண்ட்ரிக்ஸ் பாடி 1973-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘கீப் ஆன் டிரக்கின்’’ அவர் பங்கேற்று உருவாக்கியதுதான்.

அழிப்புக்குத் தப்பிய ஒரு பிரதி மோடவுனின் கோப்பறையில் கிடந்தது. 1970-களின் பிற்பகுதியில் அது அங்கிருந்து வெளியேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. எப்படி வெளியேறியது என்று கிளறினால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதை விட்டுவிடலாம்.

ஏன் இங்கிலாந்து? அங்கே வடபகுதி ஆலை ஊர்களின் இளைஞர்களுக்கு 60-களின் வேகமான சோல் மீது தீராத மோகம். அமெரிக்கா ‘ஃபங்க்’ இசைக்கு நகர்ந்த பிறகும் அவர்கள் நகரவில்லை. புதிதாக யாரும் அந்தப் பாணியில் பாடாததால், பழையதில் கேட்காததைத் தேட வேண்டியிருந்தது. 1973 முதல் 1981 வரை விகன் கேசினோ என்ற நடன அரங்கில் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டித் தொடங்கும் ஆட்டம் விடிந்த பிறகே ஓயும். மது கிடையாது. வழுக்கி ஆடுவதற்கு மரத்தரையில் டால்கம் பவுடர் தூவுவார்கள். மற்றவரிடம் இல்லாத தட்டுதான் டிஜேயின் மூலதனம். போட்டியாளர் கண்டுபிடித்துவிடாமலிருக்க லேபிள் மேல் காகிதத்தை ஒட்டி, பொய்ப் பெயர் எழுதிவிடுவார்கள். வில்சனின் பாட்டும் அங்கே ‘எடி ஃபாஸ்டர்’ என்ற பெயரில்தான் ஒலித்தது. அதே பெயரில் திருட்டுப் பதிப்பும் வந்தது. 1979-இல் பிரிட்டனின் டாம்லா மோடவுன் லேபிள் முறைப்படி வெளியிட்ட பிறகு பாட்டு எல்லாருக்கும் கிடைத்தது. அசல் தட்டின் விலையோ அதற்குப் பிறகுதான் ஏறியது.

1990-இல் இரண்டாவது பிரதி தலைகாட்டியது. 1997-இல் அது 15,000 பவுண்டுக்கு விலைபோனது. 2009-இல் 25,742 பவுண்டு. 2020-இல் வியாபாரி ஜான் மான்ஷிப் மூலம் ஒரு பிரதி 1,00,000 பவுண்டுக்குக் கைமாறியது.

இந்த விலை உயரத்தில் தட்டில் கீறல் இருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம். உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பொருளுக்குத் தரம் போட்டு என்ன பேரம் பேசுவது? தரம் உயிர்நாடியாவது இருபது, முப்பது பிரதிகள் சந்தையில் சுற்றும் தட்டுகளுக்குத்தான். அமெரிக்கக் கணக்கில் ‘நியர் மின்ட்’ தட்டு 100 டாலர் என்றால், ஒரு படி கீழிருக்கும் ‘விஜி பிளஸ்’ 50 டாலர், வெறும் ‘விஜி’ (‘வெரி குட்’) 25 டாலர். ‘வெரி குட்’ என்று எழுதியிருக்கிறதே என்று நம்பி வாங்குபவர், ஊசி வைத்ததும் சரசரப்பைக் கேட்டு நொந்துபோவார். அதற்கும் கீழேயுள்ள ‘குட்’டை நான் காசு கொடுத்து வாங்கமாட்டேன்.

அனுபவப்பட்டவர் தட்டை விளிம்பில் பிடித்து, விளக்குக்கு அடியில் சாய்த்துத் திருப்புவார். மயிரிழைக் கோடுகள் அப்போதுதான் தெரியும். நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்து, தடுக்கினால் அந்தக் கீறல் ஒலியில் கேட்கும் என்று கணிப்பார். கண்ணை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. 60-களின் அமெரிக்க 45 சுழற்சிச் சிறு தட்டுகளில் பல, வினைலுக்குப் பதில் ஸ்டைரீன் என்ற மலிவான பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. கனமான ஊசி அதன் பள்ளங்களைச் சீக்கிரம் தின்றுவிடும். மேலே பளபளவென்றிருக்கும், ஓட்டினால் குரலின் மேல் இரைச்சல் படிந்திருக்கும். அதனால் ஓட்டிப் பார்க்காமல் தரம் எழுதுபவரை நான் நம்புவதில்லை.

போலியைப் பிடிப்பது லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில். அங்கே பொறித்த எண் கையால் கீறியதா, இயந்திரத்தால் குத்தியதா, தொழிற்சாலை முத்திரை உண்டா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்கள். லேபிளை அச்சுப் பிசகாமல் நகலெடுத்தவர்கள்கூட இந்தச் சின்ன இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள்.

வில்சன் 70-களின் நடுவில் மோடவுனை விட்டு விலகி, பிறகு கிறிஸ்தவப் போதகரானார், 2012-இல் காலமானார். பழைய தட்டு எத்தனை பவுண்டுக்குக் கைமாறினாலும் பாடியவருக்கோ எழுதியவருக்கோ அதில் உரிமைத்தொகை கிடையாது. முழுப் பணமும் விற்றவருக்கும் தரகருக்கும்தான். பாட்டு எழுதியவருக்கு ஏதேனும் சேர வேண்டுமென்று நினைப்பவர் மறுபதிப்பைப் புதிதாக வாங்குவதே வழி.