ஏ9 ஓரத்துச் சாப்பாட்டுக் கடைகள்: காசு லாச்சி யாருடையது?

கிளிநொச்சியில் உணவகம் என்றால் என் வயதுக்காரர் பலர் இன்றும் சேரன், பாண்டியன் என்ற பெயர்களைத்தான் சொல்லுவார்கள். இரண்டும் விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் இயங்கியவை. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பிறகு அந்த வழியால் போய்வந்தவர்களுக்கு அவை பழகிய இடங்கள். ஆனால் அதே வீதியோரத்தில், வீட்டு முன்பக்கம் கிடுகுக் கொட்டில் இறக்கி, காலையில் இடியப்பமும் சொதியும், பின்னேரத்தில் வடையும் பிளேன்ரீயும் விற்ற குடும்பக் கடைகளும் இருந்தன. பெயர்ப்பலகை இல்லாத கடைகள். அம்மா சமைப்பார், அப்பா விறகும் தண்ணீரும் பார்ப்பார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கோப்பை கழுவும். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. இலாபம் என்று மிஞ்சியது அந்தச் சம்பளம்தான்.

2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2009 தொடக்கத்தில் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனபோது சனம் கிழக்கே நகர்ந்துவிட்டது. ஆட்டுக்கல்லையும் அண்டாவையும் முள்ளிவாய்க்கால் வரை சுமந்தவர்கள்கூட அதற்கு அப்பால் கொண்டுபோகவில்லை.

மெனிக் பாம் முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதற்கு முன்னும் பின்னுமாகத் திரும்பியவர்கள் மறுபடி அடுப்பு மூட்டியபோது, வீதியோரத்தில் இராணுவத்தின் தேநீர்க் கடைகளும் உணவகங்களும் நின்றன. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட வாகனங்கள் நிற்கும் இடத்தில் கச்சான் விற்றுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சிப்பாயின் சம்பளத்தை அரசு கொடுக்கும். கடன் வாங்கிக் கடை போட்ட பெண் அவரோடு எந்த விலையில் போட்டி போடுவது?

கடன் வந்தது நுண்கடனாக. சாப்பாட்டுக் கடையின் முதல், பெட்டியில் கிடக்கும் காசு அல்ல. இன்றைக்கு விற்ற காசில்தான் நாளைக்கு மாவும் தேங்காயும். வாரத் தவணைக்காரர் படலையில் வந்து நின்றால் அவர் கையில் போவது நாளைய தேங்காய். மழை பெய்து வியாபாரம் படுத்த வாரத்திலும் தவணை நிற்காது. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பின்னணியில்தான் அம்மாச்சியைப் பார்க்க வேண்டும். விவசாயத் திணைக்களம் தெற்கில் நடத்திய ‘ஹெல போஜுன்’ உணவகங்களின் மாதிரியை வட மாகாண சபையின் விவசாய அமைச்சு எடுத்து, அம்மம்மாவின் பெயரை வைத்தது. அந்தப் பெயரை மாற்றச் சொல்லி எழுந்த சர்ச்சையும் அப்போது செய்தியானது. கட்டடம் அரசினுடையது. உள்ளே ஒவ்வொரு பெண்ணும் தன் அடுப்பில், தன் பொருளைப் போட்டுச் சமைத்து, தன் காசைத் தானே எடுக்கிறார். குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, உழுந்து வடை, தோசை. வாங்குபவரின் கண்முன்னே சமையல். முதலாளி இல்லை. கடை வாடகைக்கு முற்பணம் கட்ட வழியில்லாத, பெண் தலைமைத்துவக் குடும்பம் ஒன்றுக்கு இது சின்ன விசயமில்லை. ஏ9இல் பெரிய கடை எப்போதும் வேறு யாருடையதாகவோதான் இருந்திருக்கிறது. அம்மாச்சியில் கட்டடம் மட்டுமே வேறு யாருடையதோ, லாச்சி சமைப்பவருடையது.

குறையும் உண்டு. அந்த இடத்தை மகளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வீட்டு முன்பக்கக் கடையை எழுதிக் கொடுக்கலாம், காணிக்கு உறுதி இருந்தால். வன்னியில் உறுதி இல்லாத காணிகள் எத்தனை என்பது தனிக் கதை.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு 4,860 ரூபாய் ஆனபோது, காஸ் அடுப்புக்கு மாறியிருந்த கடைகள்தான் முதலில் படுத்தன. காசைக் கொடுத்தாலும் சிலிண்டர் கிடைக்கவில்லை. பழைய விறகு அடுப்பை மூலையில் வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். இன்றும் கடை தொடங்கப்போகிறேன் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்த அடுப்பை இடிக்க வேண்டாம் என்பதைத்தான்.

பிரதேச சபைகளிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. சந்தைக் கடைகள் கேள்விக்கு விடப்பட்டுக் கூடிய தொகை கேட்பவருக்கே போகின்றன. இடியப்பம் விற்பவர் அந்தத் தொகையை ஒருநாளும் கேட்கமாட்டார். பேருந்து நிலையத்தருகே இரண்டு மூன்று கடைகளையாவது, நிலையான சிறு வாடகைக்கு, சமைப்பவரின் பெயரிலேயே ஒதுக்கலாம்.