முகம் மீட்கும் அறுவை மருத்துவம்

நாக்கிலும் தாடையிலும் புற்றுநோய் கண்டவர்க்கு, அப்பகுதியை வெட்டியெடுப்பதோடு மருத்துவரின் கடமை முடிந்துவிடுவதில்லை. உண்ணவும் பேசவும் பிறர்முன் முகங்காட்டவும் வழி செய்தாக வேண்டும். வேறோரிடத்துத் தோலைக் கொண்டு பள்ளத்தை நிரப்பலாம். ஆனால் அத்தோலுக்கு இரத்தம் எங்கிருந்து வரும்? இக்கேள்விக்கு அறிஞர் கண்ட விடைகளே இக்கலையின் வரலாறு எனலாம்.

1794ஆம் ஆண்டு, இலண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்னும் ஏடு பூனாவில் நடந்த ஓர் அறுவையை வெளியிட்டது. திப்பு சுல்தான் படையிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்கு, செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கமைத்தார். தோலின் ஒரு முனை புருவ நடுவில் ஒட்டியே இருந்தது. அக்காம்பின் வழி இரத்தம் பாய்ந்தது. 1917இல் இங்கிலாந்தின் ஹெரால்டு கில்லீஸ், போரில் முகஞ்சிதைந்த வீரர்களுக்குத் தோலைக் குழாய்போல் சுருட்டித் தைத்துப் படிப்படியாக முகத்துக்கு நகர்த்தினார். அதற்கும் காம்பு வேண்டியிருந்தது. நோயாளி பல வாரம் காத்திருந்தார்.

காம்பை அறுக்க வழி காட்டியது நுண்பெருக்கி. 1960இல் அமெரிக்காவின் ஜேக்கப்சன் அதன் துணையால் மிகச் சிறிய இரத்தக் குழாய்களைத் தைத்துக் காட்டினார். 1973இல் ஆஸ்திரேலியாவில் டேனியலும் டெய்லரும் தோலைத் தனியே பிரித்தெடுத்து, வேறிடத்துக் குழாய்களுடன் இணைத்ததை அறிவித்தனர்.

ஆயினும் ஒரு குறை நின்றது. தோலுக்குச் செல்லும் நுண்குழாய்கள் பல தசையைத் துளைத்தே மேலே வருகின்றன. எனவே தோலுடன் தசையையும் சேர்த்தெடுத்தனர். வயிற்றுத் தசையை இழந்தவர்க்கு வயிற்றுச் சுவர் தளர்ந்தது. வாயைச் சீராக்க வயிறு விலை கொடுத்தது!

1989இல் ஜப்பானின் கோஷிமாவும் சொயேதாவும் இதற்கு விடை கண்டனர். தசையை நார் நாராக விலக்கி, நுண்குழாயை அதன் தாய்க்குழாய் வரை தொடர்ந்து சென்று, தோலையும் குழாயையும் மட்டும் எடுத்தனர். தசை அதன் இடத்திலேயே தங்கிற்று. ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவோர் பட்டையோடு கண்ணை எடுத்துக் கட்டையை நீக்கிவிடுவதை நாம் அறிவோம். ஏறத்தாழ அதுபோன்றதே இதுவும்.

1984இல் சீனத்தின் சாங் குழுவினர் விளக்கிய தொடைத் தோல் இம்முறைக்கு மிக ஏற்றதாயிற்று. 2002இல் தைவானின் டாக்டர் வெய் குழுவினர் அத்தகைய 672 ஒட்டுகளைப் பற்றி எழுதினர். அவற்றுள் முற்றும் பழுதானவை 12 மட்டுமே.

மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே மிகுதி. வெற்றிலையுடன் புகையிலை மெல்லும் வழக்கம் அதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. தொடைத் தோல் நாவின் இடத்தை நிரப்பும். ஆனால் சுவை அறியாது. ஆகவே, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் உடையவர் உடனே மருத்துவரிடம் காட்டுக. அறுவையின் திறம் வளர்ந்தது உண்மையே. அதற்குத் தேவையில்லாமல் வாழ்வது அதனினும் நன்று.