நடுவே வெட்டி எடுத்த படுதா

1919 ஜூலை 22. லண்டன் அல்ஹாம்ப்ரா தியேட்டரில் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு ‘முக்கோணத் தொப்பி’யை அரங்கேற்றியது. நடனம் லியோனிட் மாசின். இசை ஸ்பெயின்காரர் மனுவேல் டி ஃபாயா. படுதா, காட்சி ஜோடனை, உடைகள் எல்லாம் பிக்காசோ.

அந்த முன்படுதாவை எழுதிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கோவென்ட் கார்டன் பகுதியில் குழுவுக்கு ஓவியக் கூடம் இருந்தது. சீன் எழுதுவதில் தேர்ந்த விளாதிமிர் போலுனினும் அவர் மனைவி எலிசபெத்தும் அங்கே வேலை பார்த்தார்கள். ஐரோப்பிய முறைப்படி துணியைச் சுவரில் தொங்கவிட மாட்டார்கள், தரையில் விரிப்பார்கள். வண்ணப்பொடியை வஜ்ரப்பசையில் கரைத்துக்கொண்டு, நீளக் கைப்பிடி வைத்த தூரிகையால், துணிமேலேயே நடந்து நடந்து எழுத வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். காய்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்தான் அதில் கைவைக்க முடியும். பிக்காசோ மாதிரிப் படத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. கூடத்துக்கு வந்து, உருவங்களைத் தன் கையாலேயே எழுதினார்.

படத்தில் காளைச்சண்டை முடிந்துவிட்டது. செத்த மாட்டைக் குதிரைகள் இழுத்துப் போகின்றன. முன்னால், மாடத்தில், தலையில் முக்காடு போட்ட பெண்கள், மேலங்கி போர்த்திய ஓர் ஆண், பழம் விற்கும் சிறுவன். பாலேயின் கதையோ ஒரு மாவு மில்காரர், அவர் மனைவி, அவள்மேல் கண்வைத்த நீதிபதி பற்றியது. காளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கதை தொடங்குமுன் பார்வையாளரை ஸ்பெயினுக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் படுதாவின் வேலை. அதை ஆற அமரப் பார்க்க அவகாசம் வேண்டும் என்பதற்காகவே ஃபாயா தன் இசைக்குப் புதிதாக ஒரு முகப்பு எழுதிச் சேர்த்தார்: முரசு, எக்காளம், கைத்தாளக் கட்டைகள், ‘ஓலே’ என்ற கூச்சல், ஒரு பெண் குரல். ஓவியம் பார்ப்பதற்கென்றே இசை எழுதிய அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

தியாகிலெவுக்கு அரசு மானியம் கிடையாது, எப்போதும் பணமுடைதான். 1920களின் பிற்பகுதியில், புதுத் தயாரிப்புகளுக்குப் பணம் திரட்ட, படுதாவின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து விற்றுவிட்டார். ஓரங்கள் போயின. மிஞ்சியது ஏறக்குறைய 20 அடிக்கு 19 அடி. இது கொடுமைதான், ஆனாலும் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காசு இன்னொரு பாலேக்குத்தான் போனது. வீடு வாசல் வாங்க அல்ல. ஆனால் ஒன்று, அன்றோடு அது மேடைப் பொருளாக இல்லாமல் போனது. மேலே ஏறி ஆட்டத்துக்கு வழிவிட வேண்டிய துணி, அசையாமல் தொங்கும் ஓவியமாகிவிட்டது.

1957இல் ஃபிலிஸ் லாம்பர்ட் அதை 50,000 டாலருக்கு வாங்கினார். நியூயார்க்கில் சீக்ராம் கட்டடத்தைக் கட்ட, கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோவைத் தேர்ந்தெடுத்த பெண்மணி இவர்தான். 1959இல் அந்தக் கட்டடத்தில் திறந்த ஃபோர் சீசன்ஸ் உணவகத்தில், இரு சாப்பாட்டுக் கூடங்களுக்கு நடுவே உள்ள நடையில் படுதாவை மாட்டினார்கள். அந்த நடைக்கே ‘பிக்காசோ சந்து’ என்று பெயர் விழுந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது.

2005இல் படுதா நியூயார்க் லேண்ட்மார்க்ஸ் கன்சர்வன்சி என்ற அமைப்புக்கு நன்கொடையாகப் போனது. துணி ஒருவருடையது, சுவர் இன்னொருவருடையது. சுவரைப் பழுதுபார்க்க வேண்டும், படுதாவை இறக்குங்கள் என்றார் கட்டட உரிமையாளர். இறக்கிச் சுருட்டினால் பழைய வண்ணம் நொறுங்கிவிடும் என்று பயந்த கன்சர்வன்சி 2014இல் நீதிமன்றம் போனது. கடைசியில் சமரசமாகி, அந்தச் செப்டம்பரில் பெரிய உருளையில் மெல்லச் சுற்றி இறக்கினார்கள். பயந்தபடி எதுவும் ஆகவில்லை. 2015இல் நியூயார்க் வரலாற்றுச் சங்க அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வந்தது.

சுவரில் மாட்டியபோது அதனோடு ஃபாயாவின் இசை வரவில்லை. அந்த முகப்பு இரண்டு நிமிடம்கூட இல்லை. இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. படுதாவின் படத்தை எதிரே வைத்துக்கொண்டு ஒருமுறை அதைக் கேளுங்கள்.