நுகேகொடையில் காணி, வெள்ளவத்தையில் மாடி

கொழும்பு நகருக்கு வெளியே குடிபெயரும் வழக்கத்தைத் தொடக்கி வைத்தது கொட்டாஞ்சேனை என்றால் இன்று நம்புவது கடினம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையும் வசதி படைத்தோர் கடற்காற்று வாங்கி வாழ்ந்த இடங்கள். வேல்ஸ் இளவரசர் 1875இல் அடிக்கல் நாட்டிய அலைதாங்கி 1885இல் கட்டி முடிந்ததும் துறைமுகம் பெருத்தது. நிலக்கரித் தூசியும் மாட்டுவண்டி நெரிசலும் பண்டகசாலைகளும் வந்து சேர, பணக்காரர் கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் நகர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வளவுகளில் தோட்டங்கள் எழுந்தன. கொழும்பில் தோட்டம் என்றால் வரிசை வீடும் பொதுக் குழாயும் என்று பொருள். இந்த முதல் நகர்வுக்கு நெரிசலும் காணியும் போக்குவரத்துமே காரணம், அதில் சந்தேகமில்லை. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு நகர்வையும் இதே மூன்று காரணங்களை வைத்தே சொல்லி முடித்துவிடுகிறார்கள். ரயில் வந்தது, வீதி வந்தது, காணி மலிவாக இருந்தது, ஆகவே நுகேகொடை வளர்ந்தது என்பார்கள். சிங்களக் குடும்பங்களைப் பொறுத்தவரை இது ஏறக்குறைய முழுக் கதை. தமிழ்க் குடும்பங்களுக்கு இது பாதிக் கதைதான். மீதிப் பாதியைப் பள்ளிக்கூடமும் பயமும் எழுதின.

முதலில் பாதிக் கதையைப் பார்ப்போம். களனிவெளி ரயில் பாதை பயணிகளை நினைத்துப் போட்டதன்று. அவிசாவளைப் பக்கத்துத் தோட்டங்களின் விளைச்சலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர இரண்டரை அடி அகலக் குறுகிய தண்டவாளமாகப் போட்டார்கள். 1902இல் அது அவிசாவளையை எட்டியது. ஆனால் வழியில் நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடை, மகரகம என்று வண்டி நிற்க ஆரம்பித்ததும் தென்னந்தோப்புகளும் வயல்களுமாக இருந்த ஊர்களுக்கு அலுவலக நேரம் என்று ஒன்று வந்துவிட்டது. கரையோரப் பாதையில் 1870களிலேயே ரயில் ஓடத் தொடங்கியதால் வெள்ளவத்தையும் தெஹிவளையும் முந்திக்கொண்டன. நுகேகொடை அந்த வகையில் பிந்தி வந்த பிள்ளை. பிறகு ஹைலெவல் வீதியும் பஸ்களும் வந்தபோது ரயிலையே அது மிஞ்சிவிட்டது. இன்றும் 138ஆம் இலக்க பஸ்ஸில் காலை ஏழரைக்குக் கிருலப்பனைச் சந்தியைக் கடப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திட்டமிட்டவர்களும் மக்களை வெளியே போகத்தான் சொன்னார்கள். 1921இல் பாட்ரிக் கெடிஸ் கொழும்பைப் பூங்கா நகரமாக்கும்படி அறிக்கை தந்தார். 1940களின் இறுதியில் பாட்ரிக் அபர்குரொம்பி இரத்மலானை, ஹோமாகம, ராகமை ஆகியவற்றைத் துணை நகரங்களாக்க யோசனை சொன்னார். இரண்டும் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றன. வேலையை உண்மையில் செய்து முடித்தவர்கள் காணி உடைத்து விற்றவர்கள். தென்னந்தோட்டத்தைப் பத்து, பதினைந்து, இருபது பேர்ச் துண்டுகளாக்கி, நடுவே ஒரு பாதை விட்டு, நில அளவையாளரின் வரைபடத்தோடு விற்பார்கள். பத்துப் பேர்ச் என்றால் யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒரு பரப்பு. அந்தத் துண்டில் முன்னால் கொஞ்சம் பூஞ்செடி, பின்னால் கிணறு, நடுவே ஓட்டு வீடு, பக்கத்தில் வாடகைக்கு விட ஒரு அனெக்ஸ். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் கடன் எடுத்துத் தன் சேவைக் காலத்துக்குள் கட்டி முடிக்கக்கூடிய அளவு அது. நகருக்குள் 1942இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய குடியிருப்பாளரைக் காத்தது. ஆனால் வாடகைக்கென்று புதிதாக வீடு கட்டும் ஆசையை அது குறைத்தது. புதிதாகக் குடும்பம் நடத்த வருபவருக்கு நகரத்தில் இடம் அருகியது, நுகேகொடையில் இருந்தது.

அப்படி வந்தவர்களில் தமிழரும் இருந்தார்கள். வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த எழுதுவினைஞரின் முதல் இருப்பிடம் பெரும்பாலும் சமறி. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, சமையலுக்கு ஓர் ஆளை வைத்து, செலவைப் பங்கிட்டுக் கொள்வது. மனைவி பிள்ளைகள் ஊரில். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு இந்த இரட்டை வாழ்க்கை இன்னும் இலகுவானது. குடும்பத்தைக் கொழும்புக்கே அழைத்து வரத் துணிந்தவர்களுக்குத்தான் வீடு ஒரு கேள்வியாக வந்தது. அவர்கள் வெள்ளவத்தை, தெஹிவளை, கிருலப்பனை, நுகேகொடை, இரத்மலானை என்று பரவலாக வீடு எடுத்தார்கள், காணியும் வாங்கினார்கள். தமிழர் எப்போதும் தமிழர் உள்ள இடத்தையே தேடி ஒட்டிக்கொள்வார்கள், அது அவர்கள் இயல்பு என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்திய தலைமுறையின் பெருந்தனக்காரர்களும் ஒட்டிக்கொள்ளவில்லை. பொன்னம்பலம் இராமநாதனின் சுகஸ்தான் வோட் பிளேசில் இருந்தது, அவர் தம்பி அருணாசலத்தின் பொன்கிளார் ஹோர்ட்டன் பிளேசில். கொட்டாஞ்சேனையில் தந்தை எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தார், ஆனால் குடியிருக்க அங்கே போகவில்லை. கோயிலும் வீடும் ஒரே ஒழுங்கையில் இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அன்று யாருக்கும் இருக்கவில்லை. அந்த நிர்ப்பந்தம் பிற்காலத்தில் உண்டானது. எப்படி உண்டானது என்பதுதான் கேள்வி.

பயத்துக்கு முன்பே பள்ளிக்கூடம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் படித்த தலைமுறைக்கு வீடு எங்கே இருந்தாலும் ஒன்றுதான், மிஷன் பள்ளிக்கூடத்தில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தார்கள். 1940களின் நடுவில் இலவசக் கல்வியும் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிக் கல்வியும் சேர்ந்து வந்தன. நல்ல சீர்திருத்தம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது மொழிவாரியாகப் படியேறிச் சென்றபோது, ஒரு பிள்ளை எங்கே படிக்கலாம் என்பது அதன் வீட்டைச் சுற்றி எந்த மொழி பேசுவோர் எத்தனை பேர் என்பதோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. நுகேகொடைக்கு அனுலா வித்தியாலயம் கிடைத்தது, கங்கொடவிலவுக்கு வித்தியோதயப் பல்கலைக்கழகம் வந்தது. சுற்றுவட்டம் சிங்களக் கல்வியின் ஒரு தலைநகரமாகவே ஆயிற்று. தமிழ் மொழிமூலம் படிக்க வேண்டிய பிள்ளைக்கு இடம் காலி வீதியோரம் இருந்தது: பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, வெள்ளவத்தைச் சைவ மங்கையர் வித்தியாலயம். வடக்கே என்றால் கொட்டாஞ்சேனை விவேகானந்தா. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இராமகிருஷ்ண மிஷனும் அந்தக் கரையோரத்தில்தான். நுகேகொடைக் காணி எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறிப் பிள்ளையை அனுப்பும் பாடு அந்த விலையில் சேர்வதில்லை.

பாடு மட்டுமென்றால் பலர் பட்டிருப்பார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1958 மே மாதக் கலவரம். கொழும்பிலும் புறநகர்களிலும் தமிழர் வீடுகள் தாக்கப்பட்டன. அகதி முகாம்களில் இருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். திரும்பி வந்தார்கள், பலர் அதே ஒழுங்கைகளுக்கே வந்தார்கள். 1977 ஓகஸ்டில் மறுபடி. 1983 ஜூலை 24ஆம் தேதி இரவு பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கிய தீ மறுநாளைக்குள் நகரத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் பிடித்தது, நுகேகொடையும் அதில் அடக்கம். தாக்க வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்பது பல சாட்சியங்களில் பதிவான விஷயம். புறநகர வீட்டின் அமைப்பை அந்த இடாப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மதிலும் படலையும் உள்ள தனி வீடு, ஒழுங்கைக்கு ஒன்றோ இரண்டோ தமிழ்க் குடும்பம், இடாப்பில் பெயரும் வீட்டு இலக்கமும். தனிமைக்காகக் காசு கொடுத்து வாங்கிய பத்துப் பேர்ச், அந்த ஒரு வாரத்தில் அடையாளமாகிவிட்டது. இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் தங்கியவர்களில் பலர், வீடு நின்றதா எரிந்ததா என்றுகூடப் பாராமல் காணியை விற்கச் சொல்லிவிட்டுக் கப்பலேறினார்கள்.

இதற்கு ஒரு கடுமையான மறுப்பு உண்டு. வெள்ளவத்தையும்தானே எரிந்தது? காலி வீதிக் கடைகள் பட்டப்பகலில் எரிந்ததை மறைக்க முடியாது. பயம்தான் காரணம் என்றால், எரிந்த இடத்துக்கே ஏன் போனார்கள்? இன்னொரு பக்கம், நுகேகொடை போன்ற இடங்களில் உயிரைப் பணயம் வைத்துத் தமிழரை ஒளித்துவைத்த சிங்கள அயலவர் ஏராளம். இரண்டும் உண்மை. ஆனால் குடும்பத் தலைவர் போடும் கணக்கு வேறு. அயலவரின் அடைக்கலம் ஒரு மனிதரின் குணத்தைப் பொறுத்தது, அதை உறுதியில் எழுதி வாங்க முடியாது, அந்த வீடு கைமாறினால் அடைக்கலமும் கைமாறிவிடும். வெள்ளவத்தையில் கிடைத்தது பாதுகாப்பு என்று சொல்வதைவிட, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்ற தெளிவு என்று சொல்வது சரி. எந்தக் கோயிலுக்கு ஓடலாம், யார் வீட்டில் தொலைபேசி இருக்கிறது, யார் செய்தி கொண்டுவருவார் என்பது அங்கே தெரியும். யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுக்கும் சுற்றிவளைப்புக்கும் இது இன்னும் தேவைப்பட்டது. இரவில் பிடித்துக்கொண்டு போனால் காலையில் தேடிப் போக நாலு பேர் வேண்டும். 2007 ஜூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தங்கியிருந்த முன்னூறுக்கு மேற்பட்ட தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியபோது, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கூட்டமாக இருந்தவர்களுக்கே இது நடந்தது என்று ஒருவர் சொல்லலாம். கூட்டமாக இருந்ததால்தான் அது உடனே செய்தியாகி வழக்கானது என்பதே பொருத்தமான வாசிப்பு.

ஆக, 1983க்குப் பிறகு தமிழ்க் குடும்பம் வெளியே பரவுவதை விட்டு மேலே ஏறியது. இதற்குச் சட்ட வசதி பத்து வருடம் முந்தியே வந்திருந்தது. 1973இல் இரண்டு சட்டங்கள். ஒன்று வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு விதித்தது. வாடகை வீட்டுக்காரர் பலர் இதனால் வீட்டுச் சொந்தக்காரரானார்கள், வாடகைக்குக் கட்டும் தொழில் இன்னும் படுத்தது. மற்றது தொடர்மாடி உடைமைச் சட்டம். ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உள்ள வீட்டுக்குத் தனி உறுதி எழுதலாம் என்பதே அதன் சாரம். இடதுசாரிக் கூட்டரசு கொண்டுவந்த இந்தச் சட்டத்தை உண்மையில் பயன்படுத்தியது அடுத்து வந்த திறந்த பொருளாதாரம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வந்த காசு, வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள், கடல் பக்கமாக இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கைகள் மூன்றும் சந்தித்தபோது பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. காணி விலை ஏறினால் எந்த நகரத்திலும் மாடி எழும்தானே என்று பொருளியலாளர் கேட்பார். எழும், ஆனால் அது விற்பவரின் பக்கம். வாங்குபவர் பக்கம் நின்று பார்த்தால், வெள்ளவத்தையில் மூன்று அறை மாடிக்குக் கொடுத்த தொகையில் ஹைலெவல் வீதிக்கு உள்ளே முற்றத்தோடு வீடு வாங்கியிருக்கலாம். விலை மட்டும் தீர்மானித்திருந்தால் அவர்கள் நுகேகொடைக்குத்தான் போயிருக்க வேண்டும். ஞாயிறு வீரகேசரியின் வீட்டு விளம்பரங்களைப் படித்தாலும் இது தெரியும். அங்கே சதுர அடிக்கு நிகராகக் கோயிலும் பாடசாலையும் எத்தனை நிமிட நடை என்பதும் வரும்.

அதே காலத்தில் அரசாங்கம் புறநகரத்தை வேகமாகக் கட்டிக்கொண்டிருந்தது. 1978இல் ஒரு இலட்சம் வீடுகள் திட்டம், 1979இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை, 1982இல் கோட்டேயில் புதிய நாடாளுமன்றம். ஜயவடனகம, மத்தேகொடை, சொய்சாபுர, ரத்தொலுகம என்று வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. நகரின் நெரிசலில் இருந்து நடுத்தரக் குடும்பத்தை விடுவிப்பதே அவற்றின் நோக்கம். எண்ணிக்கையும் அதைக் காட்டுகிறது: கொழும்பு மாநகரின் மக்கள்தொகை 1981இல் 5 இலட்சத்து 87 ஆயிரம், 2012இலும் அதைத் தாண்டவில்லை, வளர்ச்சியெல்லாம் வெளியில்தான். மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் பங்கு இரண்டு கணக்கெடுப்பிலும் ஏறக்குறையப் பத்து வீதம். அவ்வளவு பேர் நாட்டை விட்டுப் போன பின்னும் பங்கு குறையவில்லை, வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்கள் ஈடு செய்தார்கள். ஆனால் நுகேகொடையின் ஒரு பகுதியை உள்ளடக்கிய மகரகமப் பிரிவில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் சிங்களவர். மாவட்டத்தின் சராசரியும் இந்தப் பிரிவின் கணக்கும் இவ்வளவு விலகி நிற்பதற்கு ரயில் பாதையில் விளக்கம் கிடையாது.

யுத்தம் முடிந்த பின் கணக்கு மாறத் தொடங்கியிருக்கிறது. சர்வதேசப் பாடசாலைகள் ஆங்கிலத்தில் படிப்பிப்பதால், மொழியும் விலாசமும் முன்போல ஒன்றையொன்று கட்டிப்போடுவதில்லை. கறகம்பிட்டியிலிருந்து தெஹிவளை, நுகேகொடை, பொரளை வழியாகக் கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஹெட்டியாவத்தை போகும் 176 பஸ்ஸில் தமிழும் சிங்களமும் கலந்து கேட்கும். நுகேகொடைச் சந்திக் கடைகளில் தமிழ்க் குடும்பங்கள் சாதாரணமாகப் புடவை எடுக்கின்றன. சில குடும்பங்கள் நாவலைப் பக்கம் வாடகைக்கும் போகின்றன. இருந்தும் மாலபேக்கு இலகு ரயில் போடும் திட்டம் 2020இல் கைவிடப்பட்டபோது எழுந்த விவாதம் முழுவதும் பயண நேரத்தையும் கடனையும் பற்றியே இருந்தது. அந்தப் பாதையில் எத்தனை தமிழ் மொழிமூல வகுப்பறைகள் உண்டு என்று ஒரு திட்ட அறிக்கை கேட்கும் நாளில்தான், நகரத்துக்கு வெளியே வீடு கட்டிக் கொடுப்பவர்கள் யாருக்காகக் கட்டுகிறார்கள் என்பதைப் பேசத் தொடங்கலாம்.