வான்வழிப் பனித்தடிமன் அளவீடு

பனியாறுகள், கண்டப் பனிவிரிப்புகள் ஆகியவற்றின் தடிமனையும், அவற்றுக்கு அடியில் மறைந்துள்ள பாறைத்தளத்தின் மேடுபள்ளங்களையும் விமானம் அல்லது ஹெலிகாப்டரில் பொருத்திய ரேடார் மூலம் அளந்து வரைபடமாக்கும் முறை இது.

செயற்படும் விதம்

குளிர்ந்த பனிக்கட்டியை ரேடியோ அலைகள் எளிதில் ஊடுருவும். விமானத்திலிருந்து செலுத்தப்படும் துடிப்பின் ஒரு பகுதி பனியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. மீதி பனிக்குள் இறங்கி, பாறையில் மோதித் திரும்புகிறது. இவ்விரு எதிரொலிகளுக்கும் இடைப்பட்ட நேரமே தடிமனைத் தருகிறது. பனிக்கட்டிக்குள் ரேடியோ அலை மைக்ரோவினாடிக்கு ஏறத்தாழ 168 மீட்டர் செல்லும், 3 கி.மீ. தடிமனுள்ள பனியைக் கடந்து திரும்ப அதற்குச் சுமார் 36 மைக்ரோவினாடி ஆகும். மேற்பரப்பின் உயரத்திலிருந்து தடிமனைக் கழித்தால் பாறைத்தளத்தின் உயரம் கிடைக்கும். பனிக்கு அடியில் தேங்கிய நீர், பாறையைவிட வலுவான எதிரொலி தருவதால் ஏரிகளையும் இம்முறையில் இனங்காண முடிகிறது.

வரலாறு

பனிப்பரப்பின் மேல் பறந்த விமானங்களின் ரேடியோ உயரமானிகள் தவறான உயரம் காட்டியதே இம்முறைக்கு வழிவகுத்தது. 1950களின் இறுதியில் அமெரிக்கரான ஆமரி வெய்ட், அந்தப் பிழையைக் கொண்டே பனியின் தடிமனை அளக்கலாம் என்று காட்டினார். 1960களில் கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தில் ஸ்டான்லி எவான்ஸ் இதற்கெனத் தனிக் கருவி உருவாக்கினார். 1967 முதல் 1979 வரை பிரிட்டன், அமெரிக்கா, டென்மார்க் நாடுகளின் ஆய்வாளர்கள் அன்டார்க்டிகாவின் பரந்த பகுதிகளை வான்வழி அளந்தனர். பின்னர், 2009 முதல் 2019 வரை நாசாவின் ‘ஆபரேஷன் ஐஸ்பிரிட்ஜ்’ திட்டம் இரு துருவப் பகுதிகளிலும் இப்பணியைச் செய்தது.

வரம்புகள்

உருகுநிலையை ஒட்டிய வெப்பநிலையுள்ள மலைப் பனியாறுகளில், உள்ளிருக்கும் நீர் அலைகளைச் சிதறடிக்கிறது. அங்கு குறைந்த அதிர்வெண் கொண்ட ரேடார்களை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு அளக்கின்றனர். குறுகிய ஆழ்பள்ளங்களில் பக்கச் சுவர்களின் எதிரொலி அடித்தளத்தை மறைத்துவிடும். கிழக்கு அன்டார்க்டிகாவின் டென்மன் பனியாற்றில் இவ்வாறு ரேடாருக்குச் சிக்காத பள்ளத்தின் ஆழம், பனி நகரும் வேகம் முதலிய தரவுகளிலிருந்து 2019இல் கணக்கிடப்பட்டது. அதன் அடித்தளம் கடல்மட்டத்துக்கு 3,500 மீட்டர் கீழே உள்ளது.

பயன்

பாறைத்தளம் கடல்மட்டத்துக்குக் கீழே அமைந்து, உள்நாட்டை நோக்கிச் சரியும் இடங்களில் பனியாறு விரைவாகப் பின்வாங்கக்கூடும். எனவே கடல்மட்ட உயர்வைக் கணிக்கும் மாதிரிகளுக்கு இவ்வரைபடமே அடிப்படை. 2025இல் வெளியான ‘பெட்மேப்3’ வரைபடத்தின்படி, அன்டார்க்டிகப் பனியின் மிகுதடிமன் 4,757 மீட்டர். அக்கண்டத்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும்.