விரல்கள் எண்ணிய தாளம்



பிறந்த குழந்தையின் வலக்காதில் பாங்கு சொல்வது நம் வழக்கம். 1951 மார்ச் 9 அன்று பம்பாயில் பிறந்த ஒரு குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கிய தந்தையோ, அதன் காதில் தபலாவின் சொற்கட்டுகளைச் சொன்னார். தாய் மனம் வருந்தினார். இதுவே தம் பிரார்த்தனை என்று தந்தை பதிலளித்தார். அத்தந்தை உஸ்தாத் அல்லா ரக்கா. அக்குழந்தை ஜாகிர் உசேன். பிற்காலத்தில் அவரே இதைப் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்கள் கூறியுள்ளதை நாம் அறிவோம். அதை மாற்றி உரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு தந்தை தம் மகனுக்கு அளித்த நேரத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

மாஹிமில் வளர்ந்த அச்சிறுவனை விடியலுக்கு முன்பே தந்தை எழுப்புவார். தபலாவைத் தொடாமலேயே தாளங்களை வாயால் சொல்லிக்கொடுப்பார். அதன்பின் சிறுவன் மதரஸாவுக்குச் சென்று குர்ஆன் ஓதுவான், பிறகே பள்ளிக்கூடம். இவ்வாறு ஆண்டுகள் சில கழிந்தன.

1973இல் ஆங்கிலேய ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினுடன் 'ஷக்தி' குழுவில் அவர் இணைந்தார். வயலினில் எல். ஷங்கர், கடத்தில் நம் தமிழகத்தின் விக்கு விநாயக்ராம். ஜாஸில் ஒருவர் அந்நேரத்தில் புனைந்து வாசிப்பதைக் கேட்டு, மற்றவர் அக்கணமே மறுமொழி தரவேண்டும். ஆகவே கைத்திறனுக்கு முன் செவித்திறன் தேவை. பின்னர் சார்லஸ் லாயிட், டேவ் ஹாலண்ட் போன்ற ஜாஸ் மேதைகளோடும் அவர் வாசித்தார். 2023இல் பத்ம விபூஷண். 2024 பிப்ரவரியில் ஒரே இரவில் 3 கிராமி விருதுகள். அவ்வாண்டே டிசம்பர் 15 அன்று, நுரையீரல் நோயால் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அச்செய்தியைப் படித்தபோது என் தவறொன்று நினைவில் உறுத்தியது. சிங்கப்பெருமாள் கோவிலில் என்னிடம் ஓதிய ஒன்பது வயது மாணவன், குர்ஆன் பலகையின் ஓரத்தில் ஓயாமல் விரல் தட்டுவான். ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். நான்கு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள், ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்து, சீருடையோடே அவனுடைய அத்தா அழைத்து வந்தார். "ஹஜ்ரத், மத்து நீட்டுறதைத்தான் விரல்ல எண்ணுறானாம்" என்றார். இரண்டு, நான்கு, ஆறு என்று நீட்டல் அளவை விரலால் எண்ணக் கற்பித்தவனே நான்தான்! அப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று சிறு பிள்ளைகளுக்கு மத்து எண்ணிக் காட்டுபவன் அவனே.

ஷிப்ட் மாறி மாறி உழைக்கும் நம் வீடுகளில் நேரம் அரிது. ஆயினும் நாளுக்குக் கால் மணிநேரமேனும் பிள்ளையை அருகில் அமர்த்தி, அவன் ஓதுவதைச் செவிமடுங்கள். அவன் விரல் எதை எண்ணுகிறது என்பதை, கடிவதற்கு முன் கேளுங்கள்.

நம் சந்ததிகளை அல்லாஹ் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.